பிளாஸ்டிக்கில் கரண்ட்: வரவு யார் கணக்கில்?

பி.காம். படித்துவிட்டு இருபது வருடத்துக்கு மேலாக வங்கியில் பற்று வரவு பார்த்துக்கொண்டிருக்கிற ஒருத்தன் வேதியியல் வரலாறு எழுதலாமா? "எழுதுங்க, யார் கேக்கப் போறா" என்று தங்கமணி ஒப்புதல் கொடுத்துவிட்டார். பத்தாவது முடித்ததும் நான் காமர்ஸ் குரூப் எடுத்ததற்கு ஒரே காரணம், லேபில் பிப்பெட்டை வாயில் வைத்து உறிஞ்ச வேண்டும் என்று பக்கத்து வீட்டு அண்ணன் பயமுறுத்தியதுதான். அந்த ஆசாமிதான் எழுதுகிறேன் என்பதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

சில மாதங்களுக்கு முன் என் மேசைக்கு ஒரு சிறுதொழில் கடன் கோப்பு வந்தது. அதில் 'மின்கடத்தும் பாலிமர் படலம்' என்று ஒரு வார்த்தை. கோப்பில் என்ன இருந்தது என்பதைச் சொல்லக்கூடாது, சொல்லவும் மாட்டேன். ஆனால் அந்த ஒரு வார்த்தை என்னைப் பிடித்துக்கொண்டது. கோப்பு ஒரு நாளில் முடிந்துவிட்டது. வாசிப்பு, நாக்பூர் வெயிலில் கூலர் முன்னால் உட்கார்ந்து, இரண்டு மாதம் ஓடியது.

வாசித்ததில் ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருந்தது. இந்த வரலாற்றைப் பலரும் ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். டோக்கியோவில் ஒரு மாணவர், மொழி சரியாகப் புரியாமல், ஆயிரம் மடங்கு அதிகமாக மருந்தைக் கொட்டிவிட்டார். அதிலிருந்து மின்சாரம் ஓடும் பிளாஸ்டிக் பிறந்தது. மூன்று பேருக்கு நோபல் கிடைத்தது. சுவையான கதைதான். ஆனால் கணக்குப் பார்ப்பவன் கண்ணில் இதில் வரவும் இடிக்கிறது, பற்றும் இடிக்கிறது.

முதலிலிருந்து வருவோம். லண்டனில் ஹென்றி லெத்பி என்று ஒரு மருத்துவர் இருந்தார். லண்டன் மருத்துவமனைக் கல்லூரியில் வேதியியல் பேராசிரியர், நகரச் சுகாதார அதிகாரியும் கூட. சாயத்தொழில் தலையெடுத்த காலம். நைட்ரோபென்சீன் என்ற நச்சுப்பொருளால் நேர்ந்த சாவுகளை ஆராய்ந்த அவர், உடலுக்குள் அது அனிலினாக மாறுகிறது என்று கருதினார். அனிலினைக் கண்டுபிடிக்க ஒரு சோதனை வேண்டுமே? அனிலினைக் கந்தக அமிலத்தில் கலந்து மின்சாரம் செலுத்தினார். பிளாட்டினத் தகட்டின் மேல் நீலமும் கறுப்புமாக ஒரு படலம் படிந்தது. ஆண்டு 1862. இன்று நாம் பாலிஅனிலின் என்று சொல்லும் பொருள் அது. மின்கடத்தும் பாலிமர் படலம் ஒன்றை மின்வேதியியல் முறையில் வளர்த்த மிகப் பழைய பதிவுகளில் இதுவும் ஒன்று. ஆனால் லெத்பிக்கு அது விஷத்தைக் கண்டுபிடிக்கும் ஒரு நிறம், அவ்வளவுதான். பாலிமர் என்ற கருத்தே அப்போது இன்றைய பொருளில் கிடையாது.

அடுத்த வருடமே, 1863-ல், லங்காஷயரைச் சேர்ந்த ஜான் லைட்ஃபுட் இதே அனிலினிலிருந்து பருத்தித் துணிக்குக் கறுப்புச் சாயம் ஏற்றும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். அனிலின் கறுப்பு பெரிய வியாபாரம் ஆனது. யோசித்துப் பாருங்கள், மின்சாரம் கடத்தக்கூடிய ஒரு பொருளின் நெருங்கிய உறவுக்காரனை ஊரே உடுத்திக்கொண்டு திரிந்திருக்கிறது.

எங்கள் வங்கியில் 'சஸ்பென்ஸ் அக்கவுண்ட்' என்று ஒன்று உண்டு. எந்தத் தலைப்பில் எழுதுவது என்று தெரியாத தொகையைத் தற்காலிகமாக அதில் போட்டு வைப்போம். ஆடிட்டர் வந்து கேட்கும்வரை அது அங்கேயே கிடக்கும். இந்தக் கறுப்புப் பொருள் நூறு வருடம் அப்படித்தான் கிடந்தது. வேதியியலாளர்களுக்குப் பளபளக்கும் படிகம் வேண்டும். குடுவையின் அடியில் ஒட்டிக்கொள்ளும் கறுப்புப் பிசுக்கு சோதனை கெட்டுப்போனதன் அடையாளம். கழுவி ஊற்றிவிடுவார்கள்.

நடுவில் எட்டிப் பார்த்தவர்கள் உண்டு. 1963-ல் ஆஸ்திரேலிய அரசின் சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. நிறுவனத்தில் டொனால்டு வெய்ஸும் அவர் சகாக்கள் போல்ட்டோ, மெக்நீல் ஆகியோரும் பாலிபிரோல் என்ற கறுப்புப் பாலிமரில் அயோடின் சேர்ந்தால் மின்சாரம் நன்றாக ஓடுகிறது என்று அளந்து, எண்களோடு வெளியிட்டார்கள். பிரான்ஸில் ரெனே புவே, மார்செல் ஜோசஃபோவிச் குழுவினர் 1960களின் பிற்பகுதியில் பாலிஅனிலின் கடத்துவதை அளந்து, அதை மின்கலத்தில் மின்முனையாகவும் வைத்துப் பார்த்தார்கள். இவை ரகசியமல்ல, அச்சில் வந்தவை. பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. ஆக, 1977-க்கு முன்னால் மின்கடத்தும் பாலிமரே கிடையாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இப்போது டோக்கியோ. அசிட்டிலீன் என்றால் வெல்டிங் பட்டறையில் சிலிண்டரில் இருக்குமே, அதே வாயு. அதைச் சங்கிலியாகக் கோத்தால் பாலிஅசிட்டிலீன். இத்தாலியின் ஜூலியோ நாட்டா 1958-லேயே அதைச் செய்துவிட்டார். ஆனால் வந்தது ஒரு கறுப்புத் தூள். கரையாது, உருகாது, படலமாக நீட்ட முடியாது. ஒன்றுக்கும் உதவாது என்று பலரும் விட்டுவிட்டார்கள்.

1967-ல் டோக்கியோ தொழில்நுட்பக் கழகத்தில், சகுஜி இகேடாவின் ஆய்வகத்தில் ஹிடேகி ஷிராகவா என்ற இளம் ஆய்வாளர் இந்தத் தூள் எப்படி உருவாகிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். அங்கே கொரியாவிலிருந்து ப்யன் ஹியுங் சிக் வந்து சேர்ந்தார். அவர் மாணவர் அல்ல. கொரிய அணுசக்தி ஆய்வு நிறுவனத்திலிருந்து வந்த ஆய்வாளர். ஒரு நாள் அவர் செய்த சோதனையில் தூளுக்குப் பதில் கரைசலின் மேற்பரப்பில் கந்தல் துணி மாதிரி ஒரு படலம் மிதந்தது. ஷிராகவா குறிப்புகளைத் திருப்பிப் பார்த்ததில், வினையூக்கியின் அளவு வழக்கத்தைவிட ஏறத்தாழ ஆயிரம் மடங்கு இருந்தது தெரிந்தது. மில்லிமோல் என்பதில் 'மில்லி' எங்கோ உதிர்ந்துவிட்டது.

எழுதியவர் விட்டாரா, படித்தவர் விட்டாரா? கதை சொல்பவர்கள் யோசிப்பதே இல்லை. கொரியர், ஜப்பானிய மொழி புரிந்திருக்காது, முடிந்தது தீர்ப்பு. ஆனால் 1910 முதல் 1945 வரை கொரியா ஜப்பானின் ஆட்சியில் இருந்தது. அந்தத் தலைமுறைக் கொரியர்களுக்குப் பள்ளிக்கூடத்தில் ஜப்பானிய மொழி விருப்பப்பாடம் அல்ல, தலையில் கட்டப்பட்ட பாடம். மொழி தெரியாமல் போனது என்பது எவ்வளவு சுலபமான காரணம்!

சொந்த ஊரை விட்டு வந்த நமக்கு இது புரியும். ஒரு கிளையில் (ஊர், பெயர் எதுவும் வேண்டாம்) வட்டிக் கணக்கில் ஒரு பிழை வந்தபோது, யார் போட்டது என்று பார்ப்பதற்கு முன்னாலேயே "அந்த மதராசிக்கு இந்தி சரியாகப் புரிந்திருக்காது" என்று கூட்டத்தில் சொன்னார்கள். சொல்லப்பட்டவர் என் சக ஊழியர், திருநெல்வேலிக்காரர். வவுச்சரை எடுத்துப் பார்த்தால் கையெழுத்து வேறொருவருடையது. எண்ணுக்கு இந்தி என்ன, தமிழ் என்ன?

சரி, விஷயத்துக்கு வருவோம். தவறுதலாக வந்த கந்தல் படலத்தைக் கழுவி ஊற்றாமல் வைத்துக்கொண்டு, ஏன் வந்தது என்று கேட்டார் பாருங்கள் ஷிராகவா, உண்மையான வரவு அங்கேதான் விழுகிறது. குடுவையின் உட்சுவரை அடர்த்தியான வினையூக்கியால் நனைத்துவிட்டு அசிட்டிலீனை உள்ளே விட்டால், சுவரோடு ஒட்டி வழவழவென்று படலம் வளரும் என்று அவர் முறைப்படுத்தினார். குளிர்நிலையில் ஒரு வகை, செம்பு நிறம். சூட்டில் இன்னொரு வகை, வெள்ளி நிறம். அலுமினியத் தாள் மாதிரி மினுக்கும், ஆனால் பிளாஸ்டிக். இந்த முறை 1974-ல் கட்டுரையாக வந்தபோது அதில் மூன்று பெயர்கள்: இட்டோ, ஷிராகவா, இகேடா. ப்யன் பெயர் இல்லை. தவறு மட்டும் அவர் கணக்கில் நின்றுவிட்டது.

உலோகம் போல மினுக்கினாலும் அது உலோகம் போலக் கடத்தவில்லை. ஷிராகவா ஏற்கெனவே அந்தப் படலத்தின் மேல் குளோரின், புரோமின் எல்லாம் பாய்ச்சிப் பார்த்திருக்கிறார். அகச்சிவப்புக் கதிர் திடீரென்று ஊடுருவாமல் போனதையும் கவனித்தார். கதவருகிலேயே நின்றிருக்கிறார், ஆனால் மின்சாரத்தை அளந்து பார்க்கவில்லை.

கதவு திறந்தது 1975-ல். ஆலன் மெக்டையர்மிட் நியூசிலாந்தின் மாஸ்டர்டனில் 1927-ல் பிறந்தவர். பொருளாதார மந்தக் காலத்து ஏழைக் குடும்பம். பதினாறு வயதில் பள்ளியை விட்டு, வெலிங்டன் கல்லூரி ஒன்றின் வேதியியல் துறையில் குடுவை கழுவி, தரை கூட்டும் பகுதிநேர வேலைக்குப் போனார். அப்படியே படித்து அமெரிக்கா, கேம்பிரிட்ஜ் என்று இரண்டு முனைவர் பட்டம் வாங்கி, ஃபிலடெல்ஃபியாவில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆனார். கந்தகமும் நைட்ரஜனும் சேர்ந்த, தங்க நிறத்தில் ஜொலிக்கும் ஒரு பாலிமர் அவர் கையில் இருந்தது.

அந்தத் தங்கப் பாலிமரின் பின்னால் ஒரு குட்டிக்கதை. அதே பல்கலைக்கழகத்து இயற்பியலாளர் ஆலன் ஹீகர், 'எஸ்-என்-எக்ஸ்' என்ற பொருள் மின்சாரம் கடத்துகிறது என்று மெக்டையர்மிட்டிடம் சொன்னார். இவர் காதில் விழுந்ததோ 'எஸ்-என்', அதாவது தகரத்தின் குறியீடு. தகரம் உலோகமாச்சே, கடத்தாமல் என்ன செய்யும் என்று கேட்டாராம். எழுதிக் காட்டிய பிறகுதான் புரிந்தது. இரண்டு பேருக்கும் தாய்மொழி ஆங்கிலம். இங்கே யாரும் மொழி தெரியாத குழப்பம் என்று எழுதுவதில்லை, அறிஞர்களின் சுவையான உரையாடல் ஆகிவிடுகிறது :-)

ஜப்பான் போன மெக்டையர்மிட் டோக்கியோவில் தன் தங்கப் படலத்தைப் பற்றிப் பேசினார். பிறகு பச்சைத் தேநீர் நேரத்தில் ஷிராகவா தன் வெள்ளிப் படலத்தைக் காட்டினார். அதைப் பார்த்தவர் விடவில்லை. அமெரிக்கக் கடற்படையின் ஆய்வு நிதியிலிருந்து கூடுதல் தொகை கேட்டு வாங்கி, 1976-ல் ஷிராகவாவை ஒரு வருடத்துக்கு ஃபிலடெல்ஃபியாவுக்கு வரவழைத்தார். எத்தனையோ கடன் கோப்புகள் பார்த்திருக்கிறேன், ஒரு மனிதரின் பயணச் செலவுக்குக் கொடுத்த தொகை இப்படித் திரும்பி வந்ததைப் பார்த்ததில்லை.

அங்கே முதலில் படலத்தைச் சுத்தப்படுத்த முயன்றார்கள். அழுக்கு போனால் நன்றாகக் கடத்தும் என்றுதானே நினைப்போம்? சுத்தமாக ஆக, கடத்தும் திறன் குறைந்தது! அப்படியானால் அழுக்குதான் வேலை செய்கிறது. 1976 நவம்பர் 23. ஷிராகவாவும், ஹீகரிடம் ஆய்வு செய்துகொண்டிருந்த சியாங்கும் படலத்தில் மின்கம்பிகளைப் பொருத்தி, கொஞ்சம் புரோமின் ஆவியை உள்ளே விட்டார்கள். சில நிமிடங்களில் கடத்தும் திறன் கிடுகிடுவென்று ஏறியது. கடைசியில் ஒரு கோடி மடங்கு. நம் கணக்கில் சொன்னால், ஒரு பைசா கொடுத்தவனுக்கு ஒரு லட்ச ரூபாய்.

ஏன் என்று என் அறிவுக்கு எட்டியவரை சொல்கிறேன். தீபாவளிக்கு முதல்நாள் ரயிலில் அன்ரிசர்வ்டு பெட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். ஆட்கள் நிறைய, நகர இடமில்லை. பாலிஅசிட்டிலீனில் எலெக்ட்ரான்கள் அப்படித்தான் இருக்கின்றன. புரோமினோ அயோடினோ வந்து நாலு பேரை இறக்கிவிட்டால், காலியான இடத்துக்குப் பக்கத்து ஆள் நகர, அவர் இடத்துக்கு அடுத்தவர் நகர, பெட்டி முழுக்க அசைவு வந்துவிடும். இதற்கு டோப்பிங் என்று பெயர், பாடநூல் தமிழில் மாசூட்டல். லெத்பியின் கறுப்பு, வெய்ஸின் கறுப்பு எல்லாம் செய்முறையிலேயே மாசு ஏறியவை. தெரிந்தே, அளந்து, வேண்டிய அளவுக்கு மாசு ஏற்றிக் காட்டியது ஃபிலடெல்ஃபியா குழுதான். பின்னால் மின்வேதியியல் முறையிலேயே மாசை ஏற்றி இறக்கவும் செய்தார்கள். இதற்கு நோபல் கொடுத்தது சரி என்பதுதான் என் கருத்து. 2000-ல் கொடுத்தபோது 'கண்டுபிடித்ததற்கும் வளர்த்ததற்கும்' என்று எழுதினார்கள். வளர்த்ததற்கு என்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. கண்டுபிடித்ததற்கு என்ற இடத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டு வைக்கலாம்.

1977-ல் வந்த கட்டுரையில் ஐந்து பெயர்கள்: ஷிராகவா, லூயிஸ், மெக்டையர்மிட், சியாங், ஹீகர். ஒரு நோபலை மூன்று பேருக்கு மேல் பிரிக்க விதியில்லை. அந்த வருடப் பரிசு 90 லட்சம் ஸ்வீடிஷ் குரோனர், மூன்று சம பங்கு. ஷிராகவா அந்த மார்ச் மாதம்தான் பேராசிரியர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருந்தார். ஜப்பான் அரசின் கலாசார விருது நோபலுக்குப் பிறகுதான் அவசரமாக வந்தது. நம்ம ஊர் மாதிரியேதான்.

1980களில் எல்லோரும் எதிர்பார்த்தது பிளாஸ்டிக் பேட்டரி. பாலிஅசிட்டிலீன் காற்றுப் பட்டால் கெட்டுவிடும் என்பதால் பாலிஅனிலின் பக்கம் போனார்கள். 1987-ல் ஜப்பானில் பிரிட்ஜ்ஸ்டோனும் செய்கோவும் சேர்ந்து நாணயம் அளவில் பாலிஅனிலின் பேட்டரி விற்றன. நிலைக்கவில்லை. பெரும்பாலான வரலாறுகள் இங்கே 'பேட்டரி முயற்சி தோல்வி' என்று கணக்கை மூடிவிடுகின்றன. நான் அப்படி மூட மாட்டேன்.

அஸாஹி கஸெய் நிறுவனத்தில் அகிரா யோஷினோ 1981-ல் ஆராய்ச்சி தொடங்கியது இதே பாலிஅசிட்டிலீனை வைத்துத்தான். பேட்டரியின் எதிர்முனைக்கு அது பொருந்தியது. நேர்முனைக்குப் பொருத்தமான ஜோடி கிடைக்கவில்லை. 1982 டிசம்பர், வருடக் கடைசியில் ஆய்வகத்தைச் சுத்தம் செய்துவிட்டு ஓய்வாக உட்கார்ந்து கட்டுரைகளைப் புரட்டியபோது, ஜான் குட்எனஃப் 1980-ல் எழுதிய லித்தியம் கோபால்ட் ஆக்சைடு கட்டுரை கண்ணில் பட்டது. அடுத்த வருடமே இரண்டையும் சேர்த்து ஒரு பேட்டரி செய்தார், ஓடியது. எடை குறைந்தது, ஆனால் பாலிஅசிட்டிலீனின் அடர்த்தி குறைவு என்பதால் அளவு சுருங்கவில்லை. சட்டைப்பையில் வைக்கிற சாதனத்துக்கு அளவு முக்கியம். அதனால் பாலிஅசிட்டிலீனை எடுத்துவிட்டு அந்த இடத்தில் கார்பனை வைத்தார். 1991-ல் சோனி லித்தியம் அயனி பேட்டரியைச் சந்தைக்குக் கொண்டுவந்தபோது அதில் ஷிராகவாவின் படலம் துளியும் இல்லை. 2019-ல் குட்எனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ மூவருக்கும் நோபல். கட்டடம் எழும்பியதும் சாரத்தைப் பிரித்துவிடுவார்கள் இல்லையா, அந்த மாதிரி.

அதே பேட்டரிக்குள் இன்னொரு பிளாஸ்டிக் நிலைத்தது. இரண்டு முனைகளும் ஒன்றையொன்று தொட்டுவிடாமல் நடுவில் ஒரு சவ்வு வேண்டும். எலெக்ட்ரானை விடக்கூடாது, அயனியை மட்டும் விட வேண்டும். நுண்துளைகள் உள்ள பாலிஎத்திலீன் சவ்வை வைத்தார்கள். பால் பாக்கெட் குடும்பத்துப் பிளாஸ்டிக்தான். பேட்டரி சூடேறி 130 டிகிரியை நெருங்கினால் துளைகள் உருகி அடைத்துக்கொண்டு அயனிப் போக்குவரத்து நின்றுவிடும். கடத்தும் அதிசயப் பிளாஸ்டிக்குக்கு இடம் கிடைக்காத வீட்டில், கடத்தாத சாதாரணப் பிளாஸ்டிக் காவல்காரன் வேலை வாங்கிவிட்டது!

துளையே இல்லாமல் அயனியை மட்டும் விடும் சவ்வுகளும் உண்டு. 1960களில் டூபாண்ட் நிறுவனத்தின் வால்தர் கிராட், டெஃப்லான் வகைப் பாலிமரில் அமிலக் கிளைகளைச் சேர்த்து உருவாக்கிய நாஃபியான் அந்த வகை. காஸ்டிக் சோடா ஆலைகளில் பாதரசத்தை வெளியேற்ற உதவியது இந்த வகைச் சவ்வுதான். காஸ்டிக் சோடா என்றதும் காரைக்குடி நினைவுக்கு வருகிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்து, 1948-ல் நேரு அடிக்கல் நாட்டி, 1953-ல் திறக்கப்பட்ட 'சிக்ரி' ஆய்வு நிறுவனம் இந்த மின்வேதியியலுக்கென்றே வந்தது. காஸ்டிக் சோடா ஆலைகளுக்கான டைட்டானியம் மின்முனைகள் அங்கே உருவாயின. செட்டிநாட்டு வீடுகளைச் சுற்றிப் பார்க்க ஊருக்குப் போகிறவர்கள் அந்த வாசலையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு வாருங்கள்.

கம்பியாகவும் ஆகாமல், பேட்டரியாகவும் நிலைக்காமல், மின்கடத்தும் பாலிமர் பெரிய அளவில் முதலில் சம்பாதித்தது யாரும் எதிர்பார்க்காத இடத்தில். கேமரா ஃபிலிம் ரோல். வறண்ட காற்றில் ஃபிலிமை வேகமாக இழுத்தால் உராய்வில் நிலைமின்சாரம் சேரும்; ஒரு சின்னப் பொறி போதும், படத்தில் கீற்று விழுந்துவிடும். ஜெர்மனியின் பேயர் நிறுவனம் 1980களின் இறுதியில் பெடாட் என்ற கடத்தும் பாலிமரை உருவாக்கியது. அக்ஃபா அப்போது பேயருக்குச் சொந்தம். அந்தப் பாலிமரைக் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலமாக ஃபிலிமில் பூசி, சேரும் மின்சாரத்தைக் கசியவிட்டார்கள். பிறகு டிஜிட்டல் கேமரா வந்தது. 2005-ல் அக்ஃபாஃபோட்டோ திவால் மனு கொடுத்தது. அதற்குள் பெடாட் கம்ப்யூட்டர் போர்டுகளில் இருக்கும் கெப்பாசிட்டர்களுக்குள் குடியேறிவிட்டது.